அரங்கமும் கோடை முகாமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்றொரு நகரம் உண்டு. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 1,20,000 பேர். 1927 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அந்நகரப் பல்கலைக்கழக விளையாட்டரங்கிலோ 1,07,601 பேர் அமரலாம். இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில், அமெரிக்க உதைபந்தாட்டங் காண மக்கள் அங்கே திரள்வர். ஆடுவோர் மாணவர், ஆர்ப்பரிப்போருட் பலர் அப்பல்கலைக்கழகத்திற் பயிலாதவர்.

இப்பற்று எங்கே முளைக்கின்றது? கோடை முகாம்களும் அதற்கொரு நாற்றுமேடை. விடுமுறையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பள்ளிச் சிறார்க்குப் பயிற்சி முகாம்கள் நடத்துகின்றன. பல முகாம்களிற் சிறார் மாணவர் விடுதியிலேயே தங்கி, தாம் போற்றும் வீரர் பயிலும் திடலில் ஓடியாடுகின்றனர். அவருட் சிலர் அக்குழுவின் ஆயுட்கால அன்பராகிவிடுவதுமுண்டு.

ஆயின், அத்திடலிற் பயிற்றுநரின் கண் நாளைய வீரரையும் தேடுகின்றது. 2025 முதல் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு வருவாயில் வீரர்க்கு நேரே பங்களிக்க இசைவு பெற்றுள்ளமையால், அத்தேடலின் மதிப்பும் உயர்ந்துள்ளது. முகாம் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டுமென்பது விதி. எனினும், கட்டணஞ் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளைக்கு அக்கதவு எளிதில் திறவாது. வந்தோருள்ளும் தெரிவு பெறுவோர் மிகச் சிலரே. ஏனைய பிள்ளைகளும் ஆட்டத்தைக் கற்று, மகிழ்ந்து வீடு திரும்பினரா என்பதே முகாமை மதிக்கும் அளவுகோல்.