உத்தியோகத்துடன் ஓர் உயர்கல்வி

திருமலைராயன்பட்டினம் என்றதும் தமிழறிந்தோர் நினைவில் காளமேகப் புலவர் வந்து நிற்பார். கீழே கொதிக்கும் எண்ணெய், மேலே உறியில் தொங்கும் புலவர், நாற்புறமும் கேள்விக்கணைகள். எமகண்டம் எனப்படும் அச்சோதனையில் அவர் வென்றது இவ்வூர் மன்னன் திருமலைராயனின் அவையிலேதான் என்பது செவிவழி வரலாறு. உத்தியோகத்தையும் விடாமல், குடும்பப் பொறுப்பையும் விடாமல் முதுநிலைப் பொறியியல் பயில முற்படும் இளைஞனின் நிலையும் ஏறத்தாழ அதுதான். ஒரு பக்கம் ஷிப்டு, மறு பக்கம் தேர்வு, நடுவில் வீடு.

வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்த இப்பகுதியின் முகம் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் இங்கு 32.5 மெகாவாட் திறனுள்ள எரிவாயு மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 2009-இல் வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் திறக்கப்பட்டது. 2010-இல் புதுச்சேரிக்கென நிறுவப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் காரைக்காலுக்கு வடக்கே திருவேட்டக்குடியில் அமைந்தது. ஆகவே, இப்பகுதியில் பொறியியல் பட்டத்துடன் வேலைக்குச் செல்லும் மகனோ மகளோ உள்ள இல்லங்கள் இன்று பல. அவ்வில்லங்களில் ஒருநாள் இக்கேள்வி எழாமல் இராது: "மேலே படிக்க வேண்டும். வேலையை விட்டுவிடவா, வேலையோடு படிக்கவா?"

கணக்கைப் பார்ப்போம்

முழுநேர எம்.இ. அல்லது எம்.டெக். இரண்டாண்டுப் படிப்பு. கேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரமுள்ள கல்லூரியில் சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டம் உண்டு. பகுதிநேர மாணவருக்கு இது கிடையாது. அவருக்கு ஊதியமே உதவித்தொகை.

மாதம் 25,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வேலையை விட்டால் 24 மாதங்களில் அவர் இழப்பது 6 லட்சம் ரூபாய். உதவித்தொகை முழுவதும் கிடைத்தாலும் வருவது 2,97,600 ரூபாய்தான். மீதி மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டு குடும்பத்தின் தலைமீது விழும். தங்கையின் திருமணமும் வீட்டுக் கடனும் காத்திருக்கும் இல்லத்தில் இத்துண்டு சிறிதன்று. பகுதிநேரக் கல்வியின் நியாயம் இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் அதற்கும் விலையுண்டு. அது காலத்தால் கொடுக்கும் விலை. அண்ணா பல்கலைக்கழக விதிகளின்படி, முழுநேர மாணவர் நான்கு பருவங்களில் முடிக்கும் படிப்பைப் பகுதிநேர மாணவர் ஆறு பருவங்களில், அதாவது மூன்றாண்டுகளில் முடிக்கிறார். பாடங்களில் சலுகை இல்லை. வருகைப் பதிவும் உண்டு. சில கல்லூரிகளில் மாலை வகுப்பு. சிலவற்றில் முழுநேர மாணவருடன் பகலிலேயே அமர வேண்டும். பகல் வகுப்பெனில் வேலை தரும் நிறுவனத்தின் இசைவு இன்றியமையாதது. திருமலைராயன்பட்டினத்திலிருந்து காரைக்கால், தரங்கம்பாடி, சீர்காழி வழியாகச் சிதம்பரம் சென்று பயில்வதென்றால் நாள்தோறும் போகவர எத்தனை மணிநேரம் பேருந்தில் கழியும் என்பதை முதலிலேயே எண்ணிப் பார்த்தல் நலம்.

ஏமாறாதிருப்போம்

"வகுப்பே வேண்டாம், பட்டம் வீடு தேடி வரும்" என்னும் விளம்பரங்களைக் கண்டு மயங்குவோர் உண்டு. பகுதிநேரக் கல்வி வேறு, அஞ்சல்வழிக் கல்வி வேறு. 2017 நவம்பர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். உரிய அனுமதியின்றி, நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர முறையில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் அத்தீர்ப்பால் செல்லாதவையாயின. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, தேர்வெழுதி மீட்டுக்கொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. அதற்குப் பின் சேர்ந்தோருக்கு அதுவும் இல்லை. அப்பட்டத்தைக் கொண்டு பெற்ற பதவி உயர்வுகளும் உடன் பறிபோயின. ஆய்வுக்கூடத்தில் கைதொட்டுக் கற்க வேண்டியதை அஞ்சலுறையில் அனுப்ப முடியாது என்பதே இதில் அடங்கிய நீதி.

ஆகவே, சேருமுன் மூன்றைக் கேட்டறிவோம். அப்படிப்புக்கு, அம்முறையிலேயே நடத்த, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இவ்வாண்டுக்கு உண்டா? நம் நிறுவனம் தடையில்லாச் சான்று தருமா? அப்பட்டத்தைப் பதவி உயர்வுக்கு ஏற்குமா? மூன்றுக்கும் விடையை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் கட்டுவோம்.

நேர்மையான புதிய வழிகளும் திறந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி. பணியிலிருப்போருக்கென இணையவழியில் எம்.டெக். நடத்துகிறது. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டினால் போதும். மூன்றாண்டுப் படிப்பில் இறங்குமுன் அதில் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றை முடித்துப் பார்க்கட்டும். ஷிப்டு முடிந்து வந்து புத்தகத்தைத் திறக்க உடலும் மனமும் இசைகின்றனவா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வேலையே பள்ளிக்கூடம்

பகுதிநேர மாணவருக்கு மற்றவருக்கில்லாத ஒரு பேறு உண்டு. மேற்சொன்ன மின்நிலையத்தையே பாருங்கள். எரிவாயு எரிந்து முதல் சுழலியைச் சுழற்றுகிறது. அதிலிருந்து வெளியேறும் வெப்பக் காற்றை வீணாக்காமல் அதனால் நீராவி உண்டாக்கி, இரண்டாவது சுழலியையும் ஓட்டி மேலும் மின்சாரம் பெறுகின்றனர். வகுப்பில் படமாகக் காண்பதை இங்கே பணிபுரிபவர் கண்ணெதிரே காண்கிறார். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிப்பது ஏன், எப்படித் தடுப்பது என்பது நம் கடற்கரை ஆலைகளின் அன்றாடத் தலைவலி. அதையே ஆய்வுப் பொருளாக எடுப்பவரின் படிப்பு நிறுவனத்துக்கும் பயன்படும். விடுப்புக் கேட்கும்போது மேலதிகாரியின் மனமும் இளகும்.

வீட்டார் பங்கு

பட்டத்தில் ஒருவர் பெயர்தான் பொறிக்கப்படும். ஆனால் படிப்பவர் ஒருவர் அல்லர். மூன்றாண்டுகள் குழந்தைகளைத் தனியே உறங்கவைப்பவள் மனைவி. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குத் தனியே சென்று சமாதானம் சொல்பவர் தந்தை. படிக்கப் போகிறவர் வீட்டாரைக் கலந்து பேசாமல் சேர்ந்தால், முதல் பருவத்திலேயே மனத்தாங்கல் முளைக்கும். தேர்வு மாதங்களில் எந்தெந்த வேலையை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பது விவேகம். வார இறுதியில் வகுப்பு இருப்பினும் ஞாயிறு காலைத் திருப்பலியும், அன்று எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் ஒருவேளை உணவும் தவறாதபடி பார்த்துக்கொள்ளட்டும்.

மருமகள் படிக்க விரும்பினாலோ? மகனுக்குக் காபி போட்டுக் கொடுத்து விழித்திருக்கும் தாய், மருமகள் படிக்கும்போதும் அடுப்படியை ஏற்றுக்கொள்வாரானால் அக்குடும்பத்தின் பெருமை இருமடங்காகும். மகனுக்கு ஒரு நீதி, மருமகளுக்கு ஒரு நீதி என்றிருத்தல் தகாது.

எல்லாரும் எம்.டெக். படித்தாக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் படிக்கிறார் என்பதற்காகச் சேர்வதைவிடச் சேராதிருப்பதே மேல். ஆயின் உண்மையான ஆர்வமும், ஒப்புதல் பெற்ற கல்லூரியும், ஒத்துழைக்கும் வீடும் ஒருங்கே வாய்த்த பிள்ளையைப் பணத்தையும் வயதையும் காட்டித் தடுக்க வேண்டாம். மூன்றாண்டுகள் எப்படியும் ஓடிவிடும். அவை கழிந்தபின் கையில் என்ன இருக்கும் என்பதை இன்றிரவு உணவுக்குப் பின் குடும்பமாக அமர்ந்து பேசுவோம்.