எத்தனை லிட்டர் என்று சொல்லட்டும்

திருச்சியைச் சுற்றி அரசு உயர்கல்விக்குப் பஞ்சமில்லை. புதுக்கோட்டை சாலையில் 1982-இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம், துவாக்குடியில் என்.ஐ.டி.; ஸ்ரீரங்கம் வட்டத்து நவலூர் குட்டப்பட்டில் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் வேளாண் கல்லூரியும். ஆயிரக்கணக்கானோர் தங்கிப் படிக்கும் இந்த வளாகங்கள் ஒவ்வொன்றும் ஒரு சிற்றூர். அங்கே செலவாகும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சேரும் குப்பைக்கும் ஊருக்குக் கணக்குச் சொல்வது யார்?

நம் பல்கலைக்கழகங்கள் பசுமைக் கணக்கை எழுதுவது பெரும்பாலும் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரமதிப்பீடு வழங்கும் நாக் அமைப்பின் குழுவுக்காகத்தான். அதன் கையேட்டில் ஏழாவது அளவுகோலில் தண்ணீர் பற்றி ஒரு கேள்வி உண்டு. மழைநீர் சேகரிப்பு, கிணறு செறிவூட்டல், குளமும் கரையும், கழிவுநீர் மறுசுழற்சி, நீர்நிலைப் பராமரிப்பு ஆகிய ஐந்தில் நான்கு இருந்தாலே உச்ச மதிப்பெண். சான்றுக்கு ஜியோடேக் செய்த படம் போதும். தொட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். போன மழைக்கு அதில் எவ்வளவு சேர்ந்தது என்ற கேள்வி அங்கே இல்லை.

தனியார் நிறுவனங்களிடம் இந்தத் தாராளம் இல்லை. பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள் நிலத்தடியிலிருந்து எவ்வளவு, ஆற்றிலிருந்து எவ்வளவு நீர் எடுத்தன என்று கிலோலிட்டரில், முந்தைய ஆண்டுக் கணக்கோடு சேர்த்துக் காட்ட வேண்டும். 2022-23 நிதியாண்டு முதல் பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இதைக் கட்டாயமாக்கியது. வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு அதே கண்டிப்பு ஏன் கூடாது? 2010-இல் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் தொடங்கிய கிரீன்மெட்ரிக் போன்ற பசுமைத் தரவரிசைகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் சேர்வது அவரவர் விருப்பம்.

கணக்கை ஊரறியச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தானம் கொடுத்தவர் யார், நிலத்தின் எல்லை எது, வருவாய் எந்தச் செலவுக்கு என்பதையெல்லாம் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி சுவரிலேயே வெட்டி வைத்தார்கள்.

பல்கலைக்கழகங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. ஆண்டுதோறும் நான்கு பக்கம், தமிழில், ஒரே அளவுகோலில். விடுதிக்கு வந்த லாரித் தண்ணீர் எத்தனை, மின்கட்டணம் எவ்வளவு, உணவுக்கூடத்தில் வீணான சோறு எவ்வளவு, நட்ட கன்றுகளில் தழைத்தவை எத்தனை? வரவு செலவுக் கணக்கோடு இதையும் செனட்டில் வைக்கலாம், மாணவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கேள்வி கேட்கலாம். போன கோடையைவிட இந்தக் கோடையில் செலவு கூடியிருந்தால் அதையும் மறைக்காமல் அச்சிட வேண்டும். எந்தக் குழாயை முதலில் சரிசெய்வது என்பது அந்த எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.