மாடு மேய்க்கவா காலேஜ்?



சில வாரங்களுக்கு முன் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் சங்கக் கூட்டம். சம்பளம், வீட்டுக் கூரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் பேசி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர் நாலாக மடித்த கடிதத்தை என் கையில் கொடுத்தார். அவர் மகனுக்குக் கால்நடை வளர்ப்பில் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது.

"தம்பி, எங்கப்பா மாடு மேய்ச்சாரு. நானும் மேய்ச்சேன். இவனும் மாடு மேய்க்கத்தான் காலேஜுக்குப் போகணுமா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம்ம பேராக் மாநிலத் தோட்டங்களில் மாடு வளர்க்காத லயம் அந்தக் காலத்தில் உண்டா? விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி, பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வந்த கை, சாயங்காலம் அரிவாளை எடுத்துக்கொண்டு புல் அறுக்கப் போகும். மகள் கல்யாணம், மகன் பரீட்சைப் பணம், ஊர்த் திருவிழா எல்லாவற்றுக்கும் கொட்டகையில் நின்ற பசுதான் பாங்கி. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டு துண்டாகி வீடமைப்புப் பகுதிகளாயின. மேய்ச்சல் நிலம் போனதும் மாட்டை வந்த விலைக்கு விற்றோம். மாட்டோடு சேர்த்து அந்த அறிவையும் விற்றுவிட்டோமோ என்பதுதான் என் கவலை.

கூட்டாளி ஒருவர், குரு ஒருவர்

கால்நடைப் படிப்பு என்றால் சாணி அள்ளுகிற படிப்பு என்று நினைப்பவர்கள் வர்கீஸ் குரியனின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1921-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர் அவர். தகப்பனார் அரசாங்க டாக்டர். தமிழ்நாட்டுக் கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிப் படிப்பு, சென்னை லயோலா கல்லூரியில் பௌதிகம், பிறகு கிண்டியில் பொறியியல். மாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. வெளிநாட்டில் படிக்க அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுத்தது. ஆனால் கிடைத்ததோ பால்பண்ணைப் பொறியியல்! வேறு வழியில்லாமல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கேதான் தலாயா என்ற மாணவரின் சிநேகிதம் கிடைத்தது. அவர் பால் தொழில்நுட்பம் படித்தவர்.

படிக்க வைத்த அரசாங்கம், சொன்ன இடத்தில் வேலை செய் என்று 1949 மே மாதம் 13-ஆம் தேதி குரியனைக் குஜராத்தில் ஆனந்த் என்ற சிற்றூருக்கு அனுப்பியது. தூசி, வெயில், செய்வதற்கு வேலையும் இல்லை. எப்போது விடுதலை கிடைக்கும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பக்கத்திலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம். ஒரே கம்பெனி பாலை அடிமாட்டு விலைக்கு வாங்கியதால் 1946-ல் அந்த மாவட்ட விவசாயிகள் 15 நாள் பால் ஊற்றாமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் பிறந்த சங்கம் அது. தலைவர் திருபுவன்தாஸ் பட்டேல், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவருடைய பழைய இயந்திரங்கள் அடிக்கடி நின்றுவிடும். பொழுது போகாத குரியன் போய்ப் பழுது பார்த்துக் கொடுப்பார். அரசாங்க வேலையிலிருந்து விடுபட்டு மூட்டையைக் கட்டியபோது பட்டேல் வந்தார். இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகக் கூடாதா என்று கேட்டார். அந்தக் 'கொஞ்ச நாள்' குரியனின் ஆயுள் முழுவதும் நீண்டுவிட்டது.

அடுத்துக் குரியன் என்ன செய்தார்? காலேஜ் கூட்டாளி தலாயாவை ஆனந்துக்கு வரவழைத்துத் தன்னோடு இருத்திக்கொண்டார். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், அதைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கை விரித்த காலம் அது. குஜராத்தில் இருந்ததோ பெரும்பாலும் எருமைப் பால். முடியும் என்று செய்து காட்டினார் தலாயா. 1955-ல் பிரதமர் நேரு புதிய தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். அதுதான் இன்று நம் கடைகளிலும் பார்க்கிற 'அமுல்'. 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் இந்த முறையை இந்தியா முழுக்கக் கொண்டு போனது. 1990-களின் கடைசியில் இந்தியா உலகிலேயே அதிகம் பால் கறக்கிற நாடாகிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? இயந்திரம் குரியனுக்குத் தெரியும். பால் தலாயாவுக்குத் தெரியும். மக்களைப் பட்டேலுக்குத் தெரியும். மூவரில் ஒருவர் குறைந்திருந்தாலும் அந்தச் சங்கம் அவ்வளவு தூரம் போயிருக்குமா? சொல்லுங்கள்.

பரிசு மாடு எப்படி உருவாகிறது?

பால்பண்ணை மட்டுமல்ல. கண்காட்சியில் பரிசு வாங்குகிற மாடு, ஆடு வளர்ப்பதும் இன்று பெரிய தொழில். பரிசு வாங்கிய கிடாவின் குட்டிக்கு விலையே வேறு. ஆனால் அந்தத் தொழிலைப் புத்தகத்தை மட்டும் வைத்துக் கற்க முடியாது.

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்நடைகளை மதிப்பிடுவதற்கென்றே மாணவர் குழுக்கள் உண்டு, நம் பள்ளிகளில் பந்து விளையாட்டுக் குழு இருப்பதுபோல. நாலு மாடுகளை வரிசையாக நிறுத்துவார்கள். எது முதல், எது கடைசி என்று மாணவன் தீர்மானிக்க வேண்டும். அதோடு விடமாட்டார்கள், ஏன் அப்படி வைத்தாய் என்று நடுவர் முன் நின்று வாயால் காரணம் சொல்ல வேண்டும். முதுகு நேராக இருக்கிறதா, கால் வளையாமல் நடக்கிறதா, மடி உறுதியாக ஒட்டியிருக்கிறதா, எல்லாம் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகக் கூட்டிப் போவார். அப்படி ஒன்றாகச் சுற்றியவர்களில் பின்னாளில் ஒருவர் பண்ணை வைப்பார், ஒருவர் நடுவராவார், ஒருவர் மாட்டு டாக்டராவார். நல்ல காளை எங்கே விலைக்கு வருகிறது என்பது முதலில் கூட்டாளிக்குத்தான் போகும்.

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த வித்தை என்று எண்ண வேண்டாம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் நம்மவர்கள் செய்வதைப் பார்க்கலாம். காங்கயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுத்து வரும். எந்தக் கன்று நல்ல காளையாகும் என்று கன்றிலேயே சொல்லிவிடுகிற பெரியவர்கள் கொங்கு நாட்டில் உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறையாகக் காத்த இனம் அது. அந்தக் கண் எப்படி வந்தது? தாத்தா பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வந்தது. பல்லைப் பிடித்து வயசு சொல்லவும், புதுக் காளையைக் கயிற்றுக்குப் பழக்கவும், குளம்பைச் செதுக்கவும் யாராவது பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்க வேண்டும்.

நம் நாட்டில்

இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. மாஹா விவசாயக் கண்காட்சி 1923-லேயே தொடங்கியது. இப்போது செர்டாங்கில் நடக்கிறது. போயர், ஜமுனாபாரி கிடாக்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். செர்டாங் விவசாயக் கல்லூரிதான் 1971-ல் பல்கலைக்கழகமாகி, 1997-லிருந்து புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. மாட்டு டாக்டர் படிப்பு அங்கே உண்டு. ஜொகூர் குளுவாங்கில் கால்நடைப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. அவ்வளவு ஏன், நம்ம ஈப்போவிலேயே 1948 முதல் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இயங்குகிறது.

இந்தப் படிப்பின் அருமை கிந்தா வட்டார மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1998-ல் நிபா நோய் முதலில் தலைகாட்டியது இங்கேதான். அடுத்த ஆண்டுக்குள் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 10 இலட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். மிருகத்தின் நோயைப் படித்தவன் மனிதனின் உயிரையும் காக்கிறான்.

என் குற்றம்

இப்போது எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் வேறொரு தோட்டத்துப் பையனுக்கு இதே மாதிரிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. நான்தான் பாரம் நிரப்பினேன், பஸ் ஏற்றிவிட்டேன். மாலைகூடப் போட்டோம். அவன் மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். படிப்பு வராமல் அல்ல. மாட்டை அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த வகுப்பில் இருந்திருக்க மாட்டான். பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை, சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியரிடம் போகத் துணிச்சல் இல்லை. இரவில் லயத்து ஞாபகம் வந்து அழுதிருக்கிறான். "அண்ணே, நீங்க ஒரு தடவை வந்து பார்த்திருந்தா இருந்திருப்பேன்" என்றான். சம்பளக் கோரிக்கை, கேஸ் என்று அலைந்த நான், ஒரு போன்கூடப் போடவில்லை. அவன் இன்று லோரி ஓட்டுகிறான். உழைப்பு எதுவும் கேவலமில்லை. ஆனாலும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்துகிறது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் மாதத்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். அவன் கூட்டாளிகளின் பெயரைக் கேளுங்கள். மலாய்ப் பிள்ளையோ சீனப் பிள்ளையோ, லீவுக்கு வீட்டுக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். ஒரு வேளைச் சோறு போடுங்கள். மாணவர்களே, ஆசிரியரிடம் வலியப் போய்ப் பேசுங்கள். பண்ணையில் வேலை செய்யும் பழைய ஆட்களிடமும் பேசுங்கள். பட்டம் இல்லாத குருவும் குருதான். நம் இயக்கத்தில் 'ஒற்றுமையே பலம்' என்கிறோமே, அது சம்பளத்துக்கு மட்டும் சொன்ன வார்த்தையா?

அன்று அந்தக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். அண்ணன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்து, "சினை மாட்டுக்கு எத்தனை மாசம்டா?" என்று கேட்டார். "ஒன்பது மாசம், பத்து நாள் முன்னே பின்னே" என்றான் பையன். அவர் கடிதத்தை வாங்கி, மடிப்பை நீவிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதிவு நாளன்று நானும் கூடப் போகிறேன். அடுத்த மாதம் போன் போடவும் வேண்டும். மறக்காமலிருக்க இந்தப் பத்திரிகையிலேயே எழுதி வைத்துவிட்டேன். மறந்தால் நீங்கள் கேளுங்கள்.