ஆப் இலவசம்... சார்ஜ் யார் கணக்கில்? கல்வராயன் மலையேறும் போன்கள்!

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறும்போது போனில் முக்கால்வாசி சார்ஜ் இருக்கும். கச்சிராயபாளையம் வருவதற்குள் மடியில் இருக்கும் பிள்ளை அடம்பிடிக்க, ஏதாவது ஓர் இலவச கேமைப் போட்டுக் கையில் கொடுத்தாகிவிடும். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும். வெள்ளிமலையில் இறங்கிப் போனை வாங்கிப் பார்த்தால் பேட்டரி கோடு சிவப்பைத் தொட்டிருக்கும். 'போன் பழசாயிடுச்சு' என்று பழியைப் பேட்டரி மீது போட்டுவிடுவோம். பிள்ளைக்கும் ரெண்டு திட்டு விழும்.

பிள்ளையை விட்டுவிடலாம். திரையின் அடியில் சின்னப் பட்டையாக ஓடிக்கொண்டிருந்ததே ஒரு விளம்பரம், அதைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

2012-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அபினவ் பதக், சார்லி ஹூ ஆகியோரும், மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் மிங் ஜாங்கும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். போனுக்குள் எந்த வேலைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்லும் மென்பொருளை உருவாக்கினார்கள். அதை வைத்து அப்போது உலகமே விளையாடிக்கொண்டிருந்த ஆங்ரி பேர்ட்ஸ் கேமின் இலவசப் பதிப்பை அளந்தபோது, பறவையை எறிந்து விளையாடும் அந்த விளையாட்டுக்குச் செலவானது மொத்தத்தில் சுமார் 20 சதவீதம்தான்! ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்து அனுப்பி, அந்த ஊருக்கேற்ற விளம்பரத்தை இறக்குவதற்கு 45 சதவீதம் போனது. இன்னொரு 28 சதவீதம் எந்த வேலையும் நடக்காமலே கரைந்தது.

வேலையே நடக்காமல் எப்படிக் கரையும்?

நம் ஊர் ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் இறங்கியதும் டிரைவர் இன்ஜினை அணைப்பதில்லை. அடுத்த ஆள் வருவாரோ என்று கொஞ்ச நேரம் உறுமவிட்டபடியே நிற்பார். போனுக்குள் டவரோடு பேசும் ரேடியோவும் அப்படித்தான். விளம்பரம் வந்து சேர்ந்த பிறகும், அடுத்து ஏதாவது வருமோ என்று சுமார் 10 விநாடி விழித்தே காத்திருக்கும். இதை 'வால் மின்சாரம்' என்கிறார்கள். பெயர் பொருத்தம்தான், உடம்பைவிட வால் நீளம்.

பட்டை விளம்பரங்கள் பொதுவாக 30 விநாடி முதல் 2 நிமிடத்துக்கு ஒரு முறை மாறும்படி வைக்கப்படுகின்றன. நிமிடத்துக்கு ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர விளையாட்டில் 60 முறை ரேடியோ எழுகிறது. ஒவ்வொரு முறையும் 10 விநாடி சும்மா காத்திருந்தால், மொத்தம் 10 நிமிடம். அரை நிமிடத்துக்கு ஒன்று என்றால் 20 நிமிடம். இத்தனைக்கும் அந்த விளம்பரங்களில் ஒன்றைக்கூட நாம் தொட்டிருக்க மாட்டோம்.

அது 3ஜி காலத்துக் கணக்கு. அதற்குப் பிறகு போன்களும் ஆண்ட்ராய்டும் சிக்கனம் கற்றுக்கொண்டுவிட்டன என்பது உண்மை. ஆனால், விளம்பரமும் சும்மா இருக்கவில்லை. படமாக இருந்தது வீடியோவாகிவிட்டது. 2015-ல் வில்லியம் ஹால்ஃபாண்ட், மெய்யப்பன் நாகப்பன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 21 ஆப்களை விளம்பரத்தோடும் விளம்பரம் நீக்கியும் ஓடவிட்டு ஒப்பிட்டார்கள். விளம்பரம் இருந்தால் சராசரியாக 16 சதவீதம் கூடுதல் மின்சாரமும், 79 சதவீதம் கூடுதல் டேட்டாவும் செலவாயின. தொடர்ந்து பயன்படுத்தினால் இரண்டரை மணி நேரம் தாங்க வேண்டிய போன் சுமார் 2.1 மணி நேரத்தில் படுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. 16 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. நகரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் பிளக் பாயின்ட் இருப்பவர்களுக்கு அது சின்னதேதான்.

மலையில் கதை வேறு!

போன் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பது டவரின் தூரத்தைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தால் போதும். எதிர்மலையில் இருப்பவரைக் கத்தித்தான் கூப்பிட வேண்டும். டவருக்கு அருகில் 4ஜி போன் ஒரு மில்லிவாட்டுக்கும் குறைவான அலைவீச்சில் வேலையை முடித்துவிடும். சிக்னல் மெலிந்த இடத்தில் அதுவே 200 மில்லிவாட் வரை ஏற்றிக்கொள்ளும். வேகமும் குறைவு என்பதால், ஊரில் ஒரு நொடியில் வந்த விளம்பரம் இங்கே வட்டமாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். அறுந்தால் மறுபடி முயற்சி. அத்தனை நேரமும் ரேடியோ முழு மூச்சில் கத்திக்கொண்டிருக்கிறது. ஆக, அதே கேம், அதே விளம்பரம், கள்ளக்குறிச்சியில் எடுக்கும் சார்ஜைவிடக் கல்வராயன் மலை மடிப்புகளில் அதிகமாகவே எடுக்கும்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக எழும் கல்வராயனில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். இந்த மக்களின் வாழ்வாதாரம், அடிப்படை வசதிகள் குறித்து 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. சாலையே சிக்கலாக இருக்கும் இடத்தில் 108-ஐ அழைக்கும் போன் அணைந்துபோவது பொழுதுபோக்குப் பிரச்னை இல்லை. நூறு நாள் வேலைப் பணித்தளங்களில் 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவையே செல்போன் ஆப் வழியாக, நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த ஆப்பில் விளம்பரம் கிடையாது. ஆனால், அதே போனில் இருக்கும் மற்ற இலவச ஆப்கள் மதியத்துக்குள் பேட்டரியைக் காலி செய்துவிட்டால், இரண்டாவது படம் எடுப்பது யார்?

ஒளிந்து ஓடும் விளம்பரம்

திரையில் தெரியும் விளம்பரமாவது பரவாயில்லை. 2019 பிப்ரவரியில் ஆரக்கிள் நிறுவனம் 'ட்ரெயினர்பாட்' என்ற மோசடியை அம்பலப்படுத்தியது. நூற்றுக்கணக்கான ஆண்ட்ராய்டு ஆப்களுக்குள் புகுந்திருந்த ஒரு நிரல், கண்ணுக்கே தெரியாமல் வீடியோ விளம்பரங்களை ஓட்டிக் காசு பார்த்தது. மாதத்துக்கு 10 ஜிபிக்கு மேல் டேட்டாவை விழுங்கக்கூடியது அது. போன் சட்டைப்பையில் இருக்கும்போதே சுடுகிறது, சார்ஜ் இறங்குகிறது என்றால், கடைசியாக எந்த ஆப்பை ஏற்றினோம் என்று யோசிப்பது நல்லது. டார்ச்லைட், வால்பேப்பர், 'போன் கிளீனர்' வகையறாக்களை முதலில் சந்தேகப்படலாம். டார்ச் போனிலேயே இருக்கிறது. அதற்குத் தனி ஆப் எதற்கு?

என்ன செய்யலாம்? செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போனால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்ற பட்டியல் இருக்கும். திரை வெளிச்சத்தின் செலவும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும் என்பதால், அதிக நேரம் பார்த்த ஆப் மேலே இருப்பது இயல்பு. கொஞ்ச நேரமே திறந்த ஆப் மேலே இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அதன் பின்னணி டேட்டாவை நிறுத்தலாம். கேமுக்கு லொகேஷன் அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம். சதுரங்கம் ஆட நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டியதில்லையே.

மலைப் பயணத்துக்கு இன்னும் எளிதான வழி, பிள்ளை கையில் போனைக் கொடுக்கும் முன் மொபைல் டேட்டாவை அணைப்பது. அழைப்புகள் வழக்கம்போல வரும். 4ஜி அழைப்பு வசதியும் பாதிக்காது. இணையம் இல்லாமல் திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கேம்களும் உண்டு. அவற்றைத் தூக்கிவிட்டு வேறு பார்க்கலாம். பாட்டு, வீடியோவைக் கள்ளக்குறிச்சியிலேயே, முடிந்தால் வைஃபையில் இறக்கிக்கொண்டு ஏறலாம். சிக்னல் அறவே இல்லாத வளைவுகளில் போன் டவரைத் தேடித் தேடியே களைக்கும். அந்த நேரத்துக்கு ஏரோபிளேன் மோடில் போடலாம். ஆனால், அப்போது அழைப்பும் வராது என்பதால், வீட்டில் யாராவது காத்திருந்தால் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.