மஞ்சள் எங்கே வேலை செய்கிறது?

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மஞ்சளைப் பற்றி இன்று பேசப்படும் பாதி விஷயங்களுக்கு விடை வைத்திருக்கிறது. மஞ்சளுக்கு அதன் நிறத்தைத் தருவது குர்குமின். அதில் 2 கிராமை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தபோது, அது தென்படவே இல்லை, அல்லது மிகச் சொற்பமாகத் தென்பட்டது. குர்குமின் தண்ணீரில் கரையாது. குடல் அதை எளிதில் உறிஞ்சாது. உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடும். இதை மஞ்சளின் குறையாகப் பலர் பார்க்கிறார்கள். அதன் இயல்பே இதுதான் என்பது என் கருத்து. தான் நேராகப் படுகிற இடத்தில், அதாவது தோலில், வாயில், வயிற்றில், மஞ்சள் ஏதோ ஓர் அளவுக்கு வேலை செய்கிறது. நம் வீடுகளில் அது பெரும்பாலும் பயன்பட்டு வந்ததும் அங்கேதான். ரத்தத்துக்குள் வலிந்து செலுத்தப்படும் மஞ்சள் வேறொரு பொருள். அதை வேறு கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

தோலை எடுத்துக்கொள்வோம். வேப்பிலையும் மஞ்சளும் சேர்த்து அரைத்த விழுதைச் சொறி சிரங்கு கண்ட 814 பேருக்குப் பூசிப் பார்த்த நம் நாட்டு ஆய்வு 1992-இல் வெளியானது. 3 முதல் 15 நாட்களுக்குள் 97 சதவீதம் பேருக்குக் குணமானதாக அது சொல்கிறது. மருந்து பூசாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடாத ஆய்வு அது. குணத்தில் வேம்பின் பங்கு எவ்வளவு, மஞ்சளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஆனாலும் அம்மை கண்ட வீட்டிலும் புண் ஆறாத காலிலும் இந்த இரண்டையும் சேர்த்தே பயன்படுத்திய வழக்கத்துக்குப் பின்னே அனுபவ அறிவு இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி. தோல் நோய்களுக்கு மஞ்சளைப் பூசியும் உட்கொண்டும் நடந்த 18 மனித ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அவற்றில் 10-இல் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்ததாக 2016-இல் எழுதினார்கள். பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அவற்றை வைத்து மஞ்சள் அழற்சியைத் தணிக்க உதவக்கூடும் என்று சொல்லலாம். நிறத்தை வெளுப்பாக்கும் என்று சொல்ல முடியாது. கறுத்த பெண்ணைக் குறையுள்ளவளாக்கிக் காட்டித்தான் வெளுப்பாக்கும் களிம்புகளின் வியாபாரம் நடக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள், சமையல் மஞ்சளின் உறவுச் செடியே தவிர அதே செடி அல்ல. கற்பூர வாசம் வீசும், நிறம் வெளிறியிருக்கும், குர்குமின் குறைவு. ஆகவே ஒன்றுக்குக் கிடைத்த ஆய்வு முடிவை மற்றொன்றின் டப்பாவில் அச்சிடுவது சரியல்ல. மஞ்சளே சிலருக்கு ஒவ்வாமையாகி, சிவந்து அரிக்கும். முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு மறுநாள் முகத்துக்குப் போவது நல்லது.

வயிற்றின் கதை இன்னும் சுவையானது. செரியாமையால் அவதிப்பட்டவர்களுக்குத் தாய்லாந்தில் 28 நாட்கள் ஒரு சாராருக்குக் குர்குமினும், இன்னொரு சாராருக்கு அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையும், மூன்றாவது சாராருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளிவந்த முடிவின்படி மூன்று குழுக்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நிவாரணம். ரத்தத்தில் கலக்காத பொருள் வயிற்றில் உதவுவதில் வியப்பு ஒன்றுமில்லை, அது தங்குவதே அங்கேதான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மூட்டுவலி? முழங்காலை மஞ்சள் நேராகத் தொடுவதில்லையே? உண்மை. அதே தாய்லாந்தில் 367 மூட்டுத் தேய்மான நோயாளிகளிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், தினம் 1,500 மில்லிகிராம் செறிவூட்டிய மஞ்சள் சாறு, ஐபுப்ரொஃபேன் மாத்திரைக்குச் சளைக்காமல் வலியைக் குறைத்தது. இதை மறைத்துவிட்டு என் வாதத்தை நிறுத்த விரும்பவில்லை. ஆனால் அந்த அளவைக் கவனியுங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சராசரியாக 3 சதவீதம். ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராம் தூள் சாப்பிட்டால் கிடைப்பது 60 மில்லிகிராம். உணவு நிறமியாகக் குர்குமினுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு வகுத்த தினசரி வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 180. கடையில் விற்கும் 500 மில்லிகிராம் செறிவூட்டிய மாத்திரை ஒன்றே அதைத் தாண்டிவிடும். போதாததற்கு மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். முதலில் சொன்ன பெங்களூரு ஆய்வில் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்ததும் குர்குமின் ரத்தத்தில் கலப்பது 2,000 சதவீதம் கூடியது. உடல் போட்டிருந்த தடுப்பை எடுத்துவிட்ட பிறகு, விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-இல் எழுதினார்கள்; அந்த நோயாளிகளில் ஒருவர் இறந்துபோனார். 7 பேரிடம் ஒரே வகை மரபணுக் கூறு இருந்தது. இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் எச்சரிக்கை விடுத்திருக்கின்றன. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் முழங்கால் வலிக்கு மருந்தாக வேலை செய்யும் ஒன்றை மருந்தாகவே நடத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. பாலில் கலக்கும் ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் வராது.

நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தியதே ஆதாரமாகப் போதாதா என்பது அடுத்த கேள்வி. மஞ்சள் கொண்டு புண் ஆற்றுவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றதும், இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் மறுபரிசீலனை கோரி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்ததும் நமக்குப் பெருமை. ஆனால் அந்த மறுபரிசீலனை தீர்த்தது, இது புதிய கண்டுபிடிப்பா என்ற கேள்வியை மட்டுமே. எந்தப் புண்ணுக்கு, எவ்வளவு என்பதை அது ஆராயவில்லை. டப்பாவில் கிடக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டது அல்ல. ஆழமான வெட்டுக்காயத்தில் அதை அப்பிவிட்டு டெட்டனஸ் ஊசியைத் தவிர்ப்பதும், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் தடவுவதும் ஆபத்து. கொடியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருப்பதே முறை.

இத்தனைக்கும் அடிப்படை, அது மஞ்சளாக இருக்க வேண்டும் என்பது. பளிச்சென்ற நிறத்துக்காக ஈய குரோமேட்டைச் சேர்க்கும் கொடுமை தெற்காசியாவில் நடக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. முழு மஞ்சளாக வாங்கி மில்லில் அரைப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் வங்கதேசத்தில் கிழங்குக்கு மெருகேற்றும் இடத்திலேயே இந்த நஞ்சைப் பூசினார்கள் என்பதால், கண்ணைப் பறிக்கும் விரலி மஞ்சளையும் சந்தேகிக்க வேண்டும். அங்கே 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு சோதனை நடத்தி, வியாபாரிகளுக்கு அபராதம் போட்டு, செய்தியைப் பரப்பியது. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட ஈயம் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள் விளையும் நாட்டிலும் அப்படியொரு சோதனையைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.