பள்ளிப் பிள்ளைகளும் உண்ணிச் செடியும்

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்கு இடம் மாறியது. ஏறத்தாழ 365 ஏக்கர் வளாகத்தில் புதர்க்காடு இன்றும் நிற்கிறது. அதனுள் மாணவர்களை அழைத்துச் சென்று செடி, பறவைகளைக் காட்டும் பழக்கம் அங்கு உண்டு. எலவனாசூர்கோட்டை விவசாயிகளும் தம் ஊர்ப் பிள்ளைகளை மேய்ச்சல் தரிசுக்கு அவ்வாறே அழைத்துச் செல்லலாம். மரங்களின் பெயர் சொல்ல, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரே போதும். என்னைப் போன்றவர்கள் தேவையில்லை.

முதலில் அடையாளம் காட்ட வேண்டியது உண்ணிச் செடி. இதைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். வெயில் பட்ட தோல் வெந்து புண்ணாகும். செடியை அரிவாளால் மேலாக வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, பழம் பிடிக்குமுன், பெரியவர்கள் வேரின் கழுத்துக்குக் கீழே வெட்டித் தலைகீழாகப் போட்டுக் காயவிட வேண்டும். பழுக்க விட்டால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். அடுத்த மழையில் முளைக்கும் சிறு கன்றுகளைப் பிள்ளைகள் பிடுங்கலாம். காயை வாயில் வைக்கக் கூடாதென்று அவர்களிடம் முன்னதாகவே சொல்லிவிடவும்.