ஈகையும் ஊர் மீட்பும்

இடுக்கணுற்றார்க்கு உதவுதல் அறமாகும். ஆயினும், உதவும் முறை பிழைப்பின் அவ்வறம் முழுப்பயன் தராது. இவ்வுண்மையைக் குசராத்து மாநிலத்துக் கச்சு மாவட்டத்தின் வரலாறு நன்கு விளக்கும்.

2001 ஆம் ஆண்டு சனவரி 26 ஆம் நாள் அங்கு நிகழ்ந்த பூகம்பத்தில் ஏறத்தாழ 20,000 மக்கள் மாண்டனர். வலுவற்ற சாந்தினாற் கட்டிய கல்வீடுகள் சரிந்து வீழ்ந்தன. 'புங்கா' எனப்படும் வட்டவடிவ மண்வீடுகளோ பெரும்பாலும் நிலைத்து நின்றன. வட்டச்சுவர் அதிர்ச்சியைச் சுற்றெங்கும் பகிர்ந்து தாங்கியமையும், கூரை இலேசாயிருந்தமையும் அதற்குக் காரணங்களாம்.

நன்கொடையாளர் சிலர் ஊர்களைத் தத்தெடுத்து, புதிய இடங்களில் ஒரேவகையான வீடுகளைக் கட்டுவித்தனர். ஆனால், ஊரவருட் பெரும்பாலார் இடம்பெயர விரும்பிலர். வயலும் மந்தையும் சுற்றமும் அருகிருத்தலே அவர்தம் வாழ்வாகும். ஆதலின், அரசு தவணைமுறையில் வழங்கிய பணத்தைக் கொண்டு அவர்கள் தத்தம் நிலத்திலேயே வீடமைத்தனர். ஒவ்வொரு கட்டத்தையும் பொறியியலாளர் பரிசோதித்தனர். தொண்டு நிறுவனங்கள் கட்டடத் தொழிலாளர்க்குப் பயிற்சியளித்தன. சில ஊர்களிற் புங்காக்களையே வலுவூட்டிக் கட்டவும் துணைநின்றன.

இதனாற் பெறப்படுவது யாது? கொடுப்போர் முதலிற் கேட்டறிதல் வேண்டும். பெறுவோரின் அறிவும் உழைப்பும் விருப்பமும் இடம்பெறும் ஈகையே வீட்டோடு ஊரையும் மீட்டுத் தரும்.